விளக்கு கேம் ஆடியவள்

அவள் உட்காரும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடையில் வாடிக்கையாளர்களுக்காகக் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலை டிவிக்கு முன்னால் இழுத்துப் போடுவாள். கழுத்தில் தொங்கும் கம்பெனி கார்டைக் கழற்றிப் பைக்குள் திணிப்பாள். வாட்ச்சைக் கழற்றுவாள். துப்பட்டா நுனியால் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் துடைப்பாள், ஊசியில் நூல் கோக்கப் போகிறவள் மாதிரி. அதற்கப்புறம் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். டீ வைத்தால் ஆறிப்போகும். கொசு கடித்தால் ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக்கொள்வாளே தவிர, கண் திரையை விட்டு நகராது.

அவள் பெயரை நான் எழுதவில்லை. இன்னமும் இந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவள். நான் அவளுக்குச் செய்த ஒரு காரியத்தைத்தான் எழுதப் போகிறேன். அதைச் சொல்ல அவள் பெயர் தேவையில்லை, என் புத்தி தெரிந்தால் போதும்.

இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனிப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கும் தெருக்களில் ஒன்றில் எங்கள் கடை. முன்பக்கம் ரீசார்ஜ், ஜெராக்ஸ், மொபைல் கவர். அது என் பொறுப்பு. பின்பக்கம் ஒரு மேஜை, சால்டரிங் கம்பி, பிரித்துப் போட்ட டிவிகள். அது என் கணவருடைய ராஜ்ஜியம். நான் பிறந்தது பிள்ளைப்பாக்கத்தில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த முன்பக்க நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்கு ஷட்டர் தூக்கினால் சாயங்காலம் வரை யாருக்காவது சில்லறை கொடுத்துக்கொண்டிருப்பேன்.

கார் கம்பெனி ஒன்றில் பெரிய வேலையில் இருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பிப் போகும்போது, வீட்டில் கிடந்த பழைய சாமான்களை என் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே டைப்ரைட்டர் மாதிரி ஒரு கீபோர்டு, ஒரு டேப் ரெக்கார்டர், ஐந்தாறு கேசட்டுகள். கீபோர்டுதான் கம்ப்யூட்டர் என்று என் கணவர் சொன்னபோது நான் நம்பவில்லை. அவர் பதினைந்து நாள் அதோடு மல்லுக்கட்டினார். டேப் ரெக்கார்டரின் பெல்ட் இற்றுப் போயிருந்ததால் வேறொரு பழைய செட்டிலிருந்து எடுத்து மாட்டினார். ஐந்து கேசட்டில் பூஞ்சை. ஒன்று மட்டும் வேலை செய்தது.

"இன்னாமா, இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டார். கேசட் ஓட ஓட, கோழியை உயிரோடு உரிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஆறு நிமிஷம் அப்படியே கத்தியது. அப்புறம் திரை கறுப்பாகி, குட்டியாய் ஒரு மனுஷன் வந்து நின்றான்.

கலங்கரை விளக்கத்தில் ஏறுகிற கேம் அது. இருபது மாடி. ஒவ்வொரு மாடியிலும் ஐந்து விளக்கு ஏற்ற வேண்டும். நண்டு குறுக்கே நடக்கும், கடற்பறவை பறக்கும், பீப்பாய் உருளும். எது பட்டாலும் ஓர் உயிர் போகும். மொத்தம் மூன்று உயிர். மூன்றும் போனால் முதல் மாடிக்கு வந்துவிட வேண்டும். பாதியில் நிறுத்தி வைக்க வழியில்லை. கேசட் மேல் ஒட்டியிருந்த எழுத்து வட்டமும் கட்டமுமாக இருந்தது, எங்களுக்குப் படிக்கத் தெரியாது. விளக்கு கேம் என்றே சொன்னோம். என் கணவர் நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு, "இதான்மா ஒரிஜினல். வீட்டு கம்ப்யூட்டருக்குன்னு மொதல்ல செஞ்சது. அப்பால வந்ததெல்லாம் இதைப் பாத்து செஞ்சதுதான்" என்றார். அவர் மூன்றாவது மாடியைத் தாண்டவில்லை. அவருக்கு அது ஓடினால் போதும், ஆட வேண்டும் என்றில்லை.

என்னை ஆடிப் பார் என்றும் சொல்லவில்லை.

அவள் சார்ஜர் பின் மாற்ற வந்தவள். ஒரகடத்தில் காருக்குள் போகிற ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கிற கம்பெனியில் வேலை. காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு பஸ் இவர்களை இறக்கிவிடும். பரமக்குடிப் பக்கம் ஊர். போன் ரெடியாகக் காத்திருந்தபோது என் கணவர் அந்த கேசட்டைப் போட்டார்.

"என்னண்ணே இது, இப்படிக் கத்துது?"

"பழைய கேமும்மா. ஆடுறியா?"

ஒரு வார்த்தை. கல்யாணமான எட்டு வருஷத்தில் எனக்குக் கிடைக்காத அந்த ஒரு வார்த்தை, போன் ரிப்பேருக்கு வந்தவளுக்கு அரை நிமிஷத்தில் கிடைத்தது.

அன்று அவள் முதல் மாடியிலேயே விழுந்து விழுந்து செத்தாள். டீக்கடைக்காரர் தம்ளர் எடுக்க வந்தவர் நின்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. போன் ரெடியாகி அரை மணியாகியும் அவள் எழுந்திருக்கவில்லை. போகும்போது, "அண்ணே, நாளைக்கும் போடுவீகளா?" என்று கேட்டாள்.

மறுநாள் மூன்றேகாலுக்கு வந்துவிட்டாள். அதற்கடுத்த நாளும். ஒரு வாரத்தில் ஐந்தாவது மாடி. ஒரு மாதத்தில் பத்து.

தோற்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? மேஜையைத் தட்டுவார்கள், பட்டன் வேலை செய்யவில்லை என்பார்கள். அவள் கடைசி உயிர் போனதும் முதுகை நிமிர்த்தி ஒரு தரம் மூச்சு விடுவாள். திரையில் முதல் மாடி வரும். புதிதாக ஒரு வீட்டுக்குள் நுழைகிற மாதிரி அதை உற்றுப் பார்ப்பாள். பதினோராவது மாடி வரை போய் விழுந்தவள், முதல் மாடி நண்டை அத்தனை மரியாதையாகத் தாண்டுவாள். "தெரிஞ்ச எடம்தானே, ஓடிப் போயேன்" என்று என் கணவர் ஒருமுறை சொன்னார்.

"தெரிஞ்ச எடத்துலதாண்ணே விழுவோம்" என்றாள், திரும்பாமலே.

எனக்கு எரிந்தது. சின்ன வயசுப் பெண்ணுக்கு அப்படி ஒரு நிதானம் எங்கிருந்து வருகிறது? நான் பால் பாக்கெட் கத்தரிக்கும்போதே கை நடுங்குகிறவள்.

பக்கத்துத் தையல் கடைக்காரிதான் முதலில் பேச்சை எடுத்தாள். "இன்னாடி, உன் வூட்டுக்காரரு கடைல டெய்லி ஒரு பொண்ணு குந்திகினு கீது. கண்டுக்காம கீறியே நீ?"

நானும் கண்டுகொள்ளத்தான் செய்தேன். ஜெராக்ஸ் மெஷின் பின்னாலிருந்து இருவரையும் கவனித்துப் பார்த்தேன். என் கணவர் ஒரு போர்டைப் பிரித்தபடி அவ்வப்போது திரையைப் பார்ப்பார். அவள் திரையை மட்டும் பார்ப்பாள். அவர் சட்டை மாற்றி வந்தாலும் தெரியாது, அவர் அங்கே இல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரியாது. ஒருநாள் அவர் சர்வீஸுக்குப் போயிருந்தபோது வந்தாள். "அண்ணன் இல்லையா?" என்றுகூடக் கேட்கவில்லை. "அக்கா, கேசட் போட்டுவிடுங்களேன்" என்றாள்.

சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்தபோது என் வயிற்றெரிச்சல் குறையவில்லை, கூடியது. சந்தேகமாக இருந்திருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். தையல் கடைக்காரியிடம் சொல்லி அழுதிருக்கலாம். ஒரு பெண் என் கண்ணெதிரே இரண்டு மணி நேரத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் ஆடும்போது ஊரிலிருந்து போன் வரும். பைக்குள்ளேயே அடித்து அடங்கும். மறுபடி அடிக்கும். நான்தான் பதறுவேன். "ஏம்மா, எடுத்துப் பேசேன். இன்னா அவசரமோ."

"எங்கம்மாதேன். மாப்பிள்ளை போட்டோ அனுப்பிருக்கேன், பாத்தியான்னு கேக்கும். இந்த மாடி முடியட்டும்க்கா."

எனக்கு அந்த வயதில் மாப்பிள்ளை போட்டோ வந்தபோது, இட்லிச் சட்டியை அடுப்பில் விட்டுவிட்டு ஓடிப் போய் நின்றேன். இட்லி தீய்ந்தது ஞாபகமிருக்கிறது. போட்டோவில் இருந்த முகம் அன்றைக்கு எப்படித் தெரிந்தது என்று ஞாபகமில்லை.

பெரிய மழை பெய்த வருஷம் அது. ஏரியைத் திறந்துவிட்டார்கள், இன்னும் திறப்பார்கள் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். கம்பெனிகளுக்கு லீவு. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கடைக்குள் வராமலிருக்க வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு, டிவிகளை மேஜை மேல் ஏற்றிக்கொண்டிருந்தோம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் தண்ணீரில் நடந்து வந்தாள். உதவிக்கு வருகிறாள் என்று நினைத்து எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு இளகியது.

"அக்கா, கேசட் நனையலையே?"

"எங்க வூட்டுல தண்ணி பூந்துச்சான்னு கேக்க மாட்டியா நீ?"

திடுக்கிட்டுப் போனாள். கன்னம் சிவந்தது. "மன்னிச்சுருங்கக்கா. வீட்ல எல்லாரும் நல்லாருக்கீகளா?" என்றாள். நிஜமான வருத்தம்தான். அன்று மாலை வரை எங்களோடு சேர்ந்து தண்ணீர் இறைத்தாள். ஒரு டிவியை ஒற்றையாளாகத் தூக்கி மேலே வைத்தாள். ஆனாலும் இடையில் நான்கு தடவை அவள் பார்வை பரண் மேலிருந்த அட்டைப்பெட்டிக்குப் போனதை நான் பார்த்தேன்.

கம்பெனி பஸ் ஓட்டுகிற டிரைவர் ஒருவர் அடிக்கடி கடைக்கு வருவார். அவர் தன் போனில் அதே கேமைக் கண்டுபிடித்து இறக்கியிருந்தார். பளபளவென்று இருந்தது. கடல் நீலமாக அலையடித்தது, பாட்டெல்லாம் வந்தது. "இந்தாம்மா, இதுல உசுரே தீராது. வுழுந்த எடத்துலயே எழுந்து நின்னுக்கலாம். இன்னாத்துக்கு அந்தக் கோழி கத்துறதைக் கேட்டுகினு கீற?" என்று அவளிடம் நீட்டினார்.

வாங்கி அரை மணி நேரம் ஆடினாள். திருப்பிக் கொடுத்தாள்.

"ஏணியில ஏறுனா ஆளு மஞ்சளா மாறணும்ல? இதுல மாறவே இல்லையே."

"அது பழைய மிஷின்ல இருந்த கோளாறும்மா. கலர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அத்தை சரி பண்ணிட்டானுங்க" என்று என் கணவர் சொன்னார்.

"பதினாலாவது மாடியில பலகையையும் நீளமாக்கிட்டாய்ங்கண்ணே. பாதிக் காலு அந்தரத்துல நிக்கிறப்பத்தான் அங்க குதிக்கணும். இதுல சும்மாவே தாண்டுது." தன் ஸ்டூலுக்குத் திரும்பிக்கொண்டே, "இதுல விழுந்தா வலிக்கவே மாட்டேங்குது" என்றாள்.

டிரைவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. ஏனென்றால் அப்போது நானும் ஆடிக்கொண்டிருந்தேன்.

யாருக்கும் தெரியாமல்தான். காலை பதினொரு மணிக்குக் கடையில் கூட்டம் இருக்காது. என் கணவர் வீடுகளுக்கு சர்வீஸ் போகும் நாளாகப் பார்த்து டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு கேசட்டைப் போடுவேன். ஆறு நிமிஷமும் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பேன். முதல் தடவை நண்டைத் தாண்டியபோது நானே குதித்த மாதிரி ஸ்டூலிலிருந்து எழும்பிவிட்டேன். அவளை ஜெயிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெந்த எண்ணமும் எனக்கில்லை. ஆனால் ஒன்பதாவது மாடியில் என் ஆட்டம் நின்றுபோனது. அங்கே இரண்டு பறவைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பறக்கும். அவள் அந்த மாடியை ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கடப்பாள். நான் ஒரு மாதம் அதில் செத்தேன்.

ஒருநாள் அவளுக்கு வார விடுமுறை என்பதை மறந்துவிட்டேன். பதினொன்றரைக்கு வாசலில் வந்து நிற்கிறாள். நான் ஸ்டூலில். கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல எழுந்தேன்.

"அய்யோ, எந்திரிக்காதீங்கக்கா. உக்காருங்க, உக்காருங்க. மேல இருக்க பறவை மூணாவது செங்கல்லத் தொட்டுட்டுத் திரும்பும் பாருங்க. அது திரும்புற வரைக்கும் நகராதீங்க. கீழ இருக்கதப் பாக்கவே வேணாம். ஒண்ணு, ரெண்டு, இப்ப!"

குதித்தேன். தாண்டிவிட்டேன். ஒரு மாதமாக என்னைக் கொன்ற மாடி, அவள் சொன்ன ஒரே சொல்லில் முடிந்தது. அவள் கை தட்டினாள். "சூப்பர்க்கா! நீங்க ஆடுவீகன்னு சொல்லவே இல்லையே" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் பொய்யில்லை. தனக்குத் துணைக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டாள் என்று நினைத்திருப்பாள்.

நான் அன்றைக்கு அவளை அதுவரை வெறுத்ததைவிட அதிகமாக வெறுத்தேன். ஜெராக்ஸ் எடுக்க யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொல்லி எழுந்து போனேன். யாரும் வரவில்லை.

அதன்பிறகு அவள் என்னிடம் தான் கண்டுபிடித்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். கிழித்த தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கம் ஒவ்வொரு மாடியையும் வரைந்து வைத்திருந்தாள். எங்கே நிற்கணும், எத்தனை எண்ணணும் என்று பொடி எழுத்தில். "நீங்களும் பாத்துக்கங்கக்கா" என்று கவுன்ட்டரில் வைத்துவிட்டுப் போவாள். நான் அவள் போனதும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, மறுநாள் "எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

பதினேழு, பதினெட்டு என்று ஏறினாள். தெருவில் செய்தி பரவிவிட்டது. அவள் ஹாஸ்டல் பிள்ளைகள் நாலைந்து பேர் கூட வர ஆரம்பித்தார்கள். டீக்கடைக்காரர் மூன்றரைக்கு மேல் வியாபாரத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு எங்கள் கடைப் படியில் வந்து நிற்பார். தையல் கடைக்காரியே வந்தாள். "இன்னா, இன்னிக்கு எத்தினியாவது மாடி?" என்று கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முதல் உயிரைப் பத்தாவது மாடியில் இழந்தாள். அடுத்தது பதினாறில். பத்தொன்பதாவது மாடியை ஒற்றை உயிரோடு கடந்தாள். கடையில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் கத்தினார்கள். என் கணவர் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். அவர் எதற்காகவும் அந்தக் கம்பியைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. என் முதல் பிரசவ வலிக்குக்கூட, "அஞ்சு நிமிஷம்மா, இந்த ஜாயின்ட்டு முடிஞ்சிடும்" என்றவர்.

திரையில் இருபதாவது மாடி வந்தது. யாரும் பார்த்திராத மாடி. குறுகலாக இருந்தது. நண்டில்லை, பறவையில்லை. ஐந்து விளக்குகள், அவற்றுக்கிடையே வந்து வந்து மறைகிற படிகள். அவள் நகராமல் நின்று பார்த்தாள். எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரியும். முதல் விளக்கை ஏற்றினாள். இரண்டாவது. மூன்றாவது.

எல்லோரும் அவள் முதுகையும் திரையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் நாற்காலியில் இருந்தேன். எனக்குப் பக்கத்துச் சுவரில் கடையின் மெயின் சுவிட்ச். நான்காவது விளக்கை அவள் ஏற்றியதும் என் கை மேலே போனது. யோசித்துச் செய்தேனா என்று பிற்பாடு பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். யோசித்துத்தான் செய்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன், அதற்கப்புறம்தான் சுவிட்சைக் கீழே தள்ளினேன்.

திரை அணைந்தது. ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது.

"அய்யய்யோ!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். டீக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கரன்ட்டு பூடுச்சா?" என்று என் கணவர் மேலே ஃபேனைப் பார்த்தார். தையல் கடையில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"ட்ரிப் ஆயிட்ச்சு போல" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இருந்தது.

அவர் வந்து சுவிட்சைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மேலே தள்ளினார். அவருக்குத் தெரிந்திருக்குமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அவள் கறுத்துப் போன திரைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழ வேண்டும் என்று விரும்பினேன் என்பதுதான் உண்மை. அவள் திரும்பி நேராக என்னைப் பார்த்தாள்.

"மறுபடி போடலாமாக்கா?"

ஆறு நிமிஷம் கேசட் கத்தியது. கூட்டம் கலைந்தது. அன்று அவள் நான்காவது மாடியில் விழுந்தாள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் தினமும் வந்தாள். பதினெட்டுக்கு மேல் போக முடியவில்லை. அவளுடைய பயிற்சிக் காலம் முடிந்துவிட்டது, கம்பெனியில் நீட்டிக்கவில்லை. ஊருக்குப் போகிற அன்றைக்கு டிராவல் பேக்கோடு வந்து, ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். என்னிடம் காலண்டர் தாள் கட்டைக் கொடுத்தாள். "நீங்க முடிங்கக்கா" என்றாள். நான் வாங்கி டிராயரில் போட்டேன். ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். "சரி, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றேன்.

ஒன்றரை வருஷம் ஆனது எனக்கு. அவள் வரைந்த தாள்களைப் பார்த்துப் பார்த்து ஏறினேன். அதற்குள் எல்லோரும் அந்த மெஷினை மறந்துவிட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இருபதாவது மாடியின் ஐந்தாவது விளக்கை ஏற்றினேன். திரை முழுக்கக் கறுப்பாக இருந்தது, ஓரத்திலிருந்து நீலமானது. கடல். தூரத்தில் விரல் நகமளவு ஒரு கப்பல் மெல்லக் கடந்து போனது. இரண்டு சின்ன ஒலி. அவ்வளவுதான். மறுபடி முதல் மாடி வந்துவிட்டது, நண்டுகள் முன்னைவிட வேகமாக நடந்தன.

திரும்பிப் பார்த்தேன். கடையில் யாருமில்லை. மாலையில் என் கணவரிடம், "நான் அந்த கேமை முடிச்சிட்டேங்க" என்றேன். "அப்டியா" என்றார், பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமல். அன்றைக்கும் எனக்கு அவள் மேல்தான் பொறாமை வந்தது. தோற்றவளுக்காகப் பன்னிரண்டு பேர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

போன வருஷம், ஒரு மத்தியானம், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். முன்தலையில் ஒன்றிரண்டு வெள்ளை. ஒரகடத்திலேயே வேறொரு கம்பெனியில் லைன் லீடராகிவிட்டாளாம். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், ஊரில் அம்மாவிடம் ஒன்று, இங்கே ஒன்று. எல்லாவற்றையும் வாசலில் நின்றபடி ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, "அது இன்னும் இருக்காக்கா?" என்றாள்.

இருந்தது. இருக்கு என்றதும் அவள் முகம் மாறிய விதத்தைப் பார்த்தபோது, இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அதே எரிச்சல் வந்தது.

"நீங்க முடிச்சீகளா?"

இந்தக் கேள்விக்காக நான் எவ்வளவோ நாள் காத்திருந்தேன். "முடிச்சேன்" என்றேன்.

"நெசமாவா! எப்பக்கா? அந்தப் படி மறையுதுல்ல, அதை எப்படித் தாண்டுனீக? இருங்க, கடைசியில என்ன வரும்னு மட்டும் சொல்லிராதீங்க!" என்று காதைப் பொத்திக்கொண்டாள். துளி வருத்தமில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், தான் ஜெயித்த மாதிரி.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கவுன்ட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அன்னிக்குக் கரன்ட்டு போகல. மெயினை நான்தான் ஆஃப் பண்ணேன்."

"தெரியும்க்கா."

நிமிர்ந்தேன்.

"டிவி அணைஞ்சதும் கண்ணாடி மாதிரி ஆயிருச்சுல்ல. அதுல நீங்க தெரிஞ்சீக. கை சுவிட்சு மேலயே இருந்துச்சு."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

ரொம்பச் சாதாரணமான ஒன்றைக் கேட்டுவிட்ட மாதிரி என்னைப் பார்த்தாள். "கேட்டா சண்டை வந்திருக்கும். அண்ணன் அந்த மிஷினத் தூக்கிப் பரண்ல போட்டுருப்பாக. அடுத்த நாள் நான் எங்க போயி ஆடுறது?"

நான் இத்தனை வருஷமாக அவள் கோபத்துக்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் மன்னித்தால் எப்படி அழுவது என்றுகூட யோசித்திருந்தேன். அவளோ என்னைக் கோபித்ததும் இல்லை, மன்னித்ததும் இல்லை. அடுத்த நாள் ஆட்டத்துக்கு நான் குறுக்கே வராமல் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"ரெண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டுருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலைத் தேடினாள்.

மெஷினை எடுத்து வந்து மாட்டினேன். கேசட் இரண்டு தடவை பாதியில் நின்று, மூன்றாவது தடவை ஓடியது. நான் முன்பக்கம் போகவில்லை. ஜெராக்ஸுக்கு வந்தவரை அப்புறம் வரச் சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

மூன்றாவது மாடியில், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பீப்பாயில் மோதி அவள் விழுந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.